கம்பி மேல் நீ உட்கார்ந்த காலை

முத்தியால்பேட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் யாரோ வீடு கட்டுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை அந்த வழியாக வண்டியில் வந்தேன். தூண்களைச் சுற்றிச் சாக்கு கட்டியிருந்தார்கள். ஒரு பெண் குழாயைப் பிடித்து அதன் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். சிமெண்டும் ஈரச் சாக்கும் சேர்ந்த அந்த வாசனை உனக்குத் தெரியும். லேசாகப் புளித்தது போல, மாட்டுக் கொட்டகையில் மழை பெய்தது போல இருக்கும். நான் தினமும் அந்த வாசனைக்கு நடுவில்தான் வேலை பார்க்கிறேன். வேலை செய்யும் இடத்தில் அது என்னை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அது உங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"யாரப் பாக்கணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"யாரும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அங்கேயே நின்றது. அதனால் எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் சேர்க்க வேண்டிய செய்தியும் ஒன்று என்னிடம் இருக்கிறது. உன்னை வழியனுப்பிய நாளில் ஒருவர் என்னிடம் சொன்னது. நேராக அதற்குப் போனால் போதும் என்றுதான் நீ சொல்வாய். "சுருக்கா சொல்லுடி, ஆறிப்போவுது" என்று டீயைக் காட்டுவாய். சுருக்கமாகச் சொல்வது எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது.

நாம் எம்.டெக். வகுப்பில் முதல் நாள் சந்தித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டுமானத் திட்ட மேலாண்மை என்று பலகையில் எழுதியிருந்தது. வகுப்பில் பையன்கள் நிறைய, பெண்கள் நாம் இருவர்தான். நான் பி.இ. முடித்த கையோடு வந்திருந்தேன். நீ கட்டட வேலை நடக்கும் இடங்களில் இரண்டு வருஷம் இன்ஜினியராக இருந்துவிட்டு வந்திருந்தாய். வெயிலில் கறுத்த முகமும், கழுத்தில் ஹெல்மெட் வார் அழுத்திய கோடுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீ கேட்ட முதல் கேள்வி, "கேன்டீன்ல டிபன் எத்தன மணி வரைக்கும் இருக்கும், தெரியுமா?"

அன்று சாயங்காலம் உன் பழைய ஸ்கூட்டரில் என்னை உழவர்கரையில் இறக்கிவிட்டாய். அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் நான் பஸ் ஏறியதாகவே ஞாபகம் இல்லை. என் அப்பா வாசலில் நின்றிருந்தார். அவருக்கு நான் என்ன படிக்கிறேன் என்பது கடைசி வரை பிடிபடவில்லை.

"வீடு கட்டறதுக்குத்தான் முன்னாடியே படிச்சிட்டியே. திரும்பவும் எதுக்கு?" என்று என்னிடம் கேட்டதை உன்னிடமும் கேட்டார்.

நீ வண்டியை அணைக்காமலே பதில் சொன்னாய். "கல்யாணத்துல தலைமைச் சமையல்காரர் இருப்பாரே மாமா, அவரு கரண்டியத் தொடவே மாட்டாரு. எந்த அடுப்புல எத ஏத்தணும், எது எறங்குனா எத ஆரம்பிக்கணும்னு நின்னு சொல்லினு இருப்பாரு. இல்லன்னா பந்தில சாம்பார் வந்துடும், சோறு வராது. அதத்தான் படிக்கிறோம்."

அப்பாவுக்கு உன்னைப் பிடித்துப்போனது அந்தப் பதிலால்தான். அதன் பிறகு யார் கேட்டாலும் அவர் அதையே சொன்னார். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நான் கேட்டரிங் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வகுப்பில் நீ கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. கணக்குகளில் நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுப்பேன். எந்த வேலை ஒரு நாள் தாமதமானால் மொத்தக் கட்டடமும் ஒரு நாள் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கும் கணக்கு உனக்குப் பாதியிலேயே குழம்பிவிடும். ஆனால் பேராசிரியர் வேலைப் பட்டியலில் "கொத்தனார் நான்கு, கம்பி கட்டுபவர் ஆறு" என்று கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்ன அன்று, நீ எண்களுக்குப் பதிலாகப் பெயர்களை ஏற்றியிருந்தாய். ஏழுமலை, செல்வி, பிகாரிலிருந்து வந்த இரண்டு பேர். எல்லாரும் நீ முன்பு வேலை பார்த்த இடத்து ஆட்கள்.

"நாளைக்கு ஏழுமலை லீவு போட்டா உன் திட்டம் என்ன ஆகும்?" என்று பேராசிரியர் சிரித்தார்.

"ஏழுமலை வரலன்னு தெரியும் சார். நம்பர் போட்டா, யாரு வரலன்னே தெரியாது."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அது பரீட்சைக்கு உதவாது, எண்ணையே போடு என்றார். நீ எண்ணைப் போட்டாய்.

இரண்டாம் வருஷம் ஆய்வேட்டுக்காக ஒரு கட்டடத்தில் போய் இருந்து, திட்டமிட்ட தேதிக்கு வேலை ஏன் முடிவதில்லை என்று பார்க்க வேண்டியிருந்தது. உழவர்கரையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வேலையின் மேலாளர் நம் இருவரையும் சேர்த்துக்கொண்டார். நல்ல மனிதர். "நம்ம பொண்ணுங்க" என்றுதான் எல்லாரிடமும் நம்மை அறிமுகப்படுத்துவார். வெயிலில் நின்றால் மோர் வாங்கிவரச் சொல்வார். உனக்குப் படிப்பு முடிந்ததும் அங்கேயே திட்டப் பிரிவில் வேலை என்று அவரே வாய்விட்டுச் சொன்னார்.

அந்த வேலை உனக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். வேலை பார்த்த மில் மூடிய பிறகு உன் அப்பா ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு நின்றார். அவருக்கு முழங்கால் வலி. உள்ளூரிலேயே ஒரு நிலையான வேலை கிடைத்தால் அவரை உட்கார வைத்துவிடலாம் என்று நீ எத்தனையோ முறை வண்டியில் போகும்போது காற்றில் கத்திச் சொல்லியிருக்கிறாய். வெளியூர் போக உனக்கு இஷ்டமே இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வீடுகளைப் பொங்கலுக்குள் ஒப்படைப்பதாக வாங்கியவர்களிடம் சொல்லியிருந்தார்கள். வேலை ஏற்கெனவே பின்தங்கியிருந்தது. முன்வாசல் மண்டபத்துக்கு மேலே வரும் தளம்தான் அடுத்தது. மற்ற தளங்களைவிட இரண்டு பங்கு உயரம் என்பதால், கான்கிரீட் கொட்டும் பலகையைக் கீழிருந்து தாங்கும் இரும்பு முட்டுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. அந்த மண்டபத்தின் தரையில் கழிவுநீர்க் குழாய்க்காக முந்தின வாரம்தான் பள்ளம் தோண்டி மூடியிருந்தார்கள். அந்தப் புது மண்ணின் மேலும் ஒரு வரிசை முட்டுகள் நின்றன.

இரண்டு நாள் பெய்த மழை விட்டு, வானம் வெளுத்திருந்த காலை அது. கான்கிரீட் வரப்போகிற நாள். நான் போனபோது நீ வழக்கம்போல முட்டுகளுக்கு நடுவில் குனிந்து நுழைந்து உள்ளே இருந்தாய்.

"இங்க வாடி" என்றாய்.

பள்ளம் மூடிய இடத்தில் முட்டுக்கு அடியில் வைத்திருந்த பலகைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. நீ ஷூவால் அழுத்தியதும் பலகையின் ஓரத்தில் தண்ணீர் கொப்பளித்து வந்தது. ஒரு முட்டைக் கையால் தள்ளினாய். அது ஆடியது. அடுத்ததைத் தள்ளினாய். அதுவும் ஆடியது.

"இது நிக்கலடி. மேலேந்து தொங்கினு இருக்கு."

அங்கிருந்த இளைஞர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர், மேலாளர் சாரே நேற்று வந்து பார்த்துவிட்டார் என்றார். நேற்றைக்குப் பிறகும் மழை பெய்ததே என்று கேட்டாய். ஆப்பு வைத்து அடித்துவிடலாம் என்றார். மண்ணே இல்லாத இடத்தில் ஆப்பு எதன் மேல் நிற்கும் என்று கேட்டாய். அவர் குனிந்து பலகையைப் பார்த்தார். பாவம், அவருக்கும் நம் வயதுதான். நீ மேலாளருக்குப் போன் செய்தாய். லாரிகள் கிளம்பிவிட்டன, ஆப்பு அடித்தால் போதும், நான் வந்துகொண்டே இருக்கிறேன் என்றார்.

நீ போனைப் பையில் போட்டாய். முதல் லாரி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது. கான்கிரீட் பம்ப் ஆட்கள் குழாயை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். நீ ஏணியில் ஏறினாய். கம்பிகளை ஒருமுறை பார்க்கப் போகிறாய் என்று நினைத்து நானும் ஏறினேன். தளத்தின் நடுவுக்குப் போய், கட்டி முடித்திருந்த கம்பி வலையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

குழாயைப் பிடித்திருந்தவர் முதலில் சிரித்தார். பிறகு, "எழுந்துரும்மா, தொடங்கப் போறோம்" என்றார்.

"எழுந்துக்க மாட்டேன்ணே. குழாயக் கீழ வெச்சிடுங்க."

உன் குரலில் கோபம் இல்லை. பஸ்ஸில் சீட்டுப் பிடித்துக்கொண்டு, இங்கே ஆள் வருது என்று சொல்கிற மாதிரி சொன்னாய். நான் பக்கத்தில் வந்து, நானும் உட்காரவா என்று கேட்டேன்.

"வேணாம். கீழ முட்டு பாக்கறதுக்கு ஆளு வந்து நிப்பாங்க. அவங்கள வெளிய கூட்டினு போயிடு. நான் இங்க பாத்துக்கறேன்."

நான் இறங்கினேன். கான்கிரீட் கொட்டும்போது பலகை எங்காவது பிதுங்குகிறதா என்று பார்க்க, மூன்று பேர் சுத்தியலோடு அடியில் வந்து நின்றிருந்தார்கள். மேலே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் சரியாக வராது, எனக்கு இந்தி சுத்தமாக வராது. கையைக் காட்டி வெளியே வாருங்கள் என்றேன். ஒருவர், மேஸ்திரி திட்டுவார் என்பது போல ஏதோ சொன்னார். நான் அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டு நடந்தேன். சுத்தியல் போகிற பக்கம் அவரும் வந்தார், மற்ற இருவரும் வந்தார்கள். அந்தச் சுத்தியலைப் பிடித்தபடியே நான் வேப்பமரத்தடியில் அவர்களோடு நின்றேன்.

மேலாளர் வந்து நேராக ஏணியில் ஏறினார். கீழே இருந்த எங்கள் எல்லாருக்கும் பேச்சு கேட்டது. லாரியின் உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னாம்மா இது, சின்னப் புள்ளயாட்டம். எழுந்திரு."

"முட்டு தொங்குது சார்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேந்து நான் ஸ்லாப் போட்டுனு இருக்கேன்."

"தெரியும் சார்."

"லாரிலயே காங்கிரீட் இறுகிடும். யாரு பதில் சொல்றது? நீ சொல்வியா?"

 அதற்கு நீ சொன்னது எங்கள் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"நீங்க கீழ போயி அடில நில்லுங்க சார். நான் எழுந்துக்கறேன்."

அவர் இறங்கி வந்தார். மண்டபத்தை நோக்கி நடந்தார். பலகையின் நிழல் விழும் கோடு வரை போய் நின்றார். உள்ளே குனிந்து பார்த்தார். சாய்ந்த பலகைகள் அங்கிருந்தே தெரியும்.  அவர் நின்ற நேரம் எனக்கு மிக நீளமாகத் தெரிந்தது. பிறகு பையிலிருந்து போனை எடுத்து, "லாரியத் திருப்பி அனுப்பு. பின்னாடி வர்றதையும் நிறுத்து" என்றார்.

திரும்பி என்னைப் பார்த்தார். "அவள எறங்கச் சொல்லு. இனிமே ரெண்டு பேரும் இந்தக் கேட்டுக்குள்ள வரக் கூடாது."

அவ்வளவுதான் நடந்தது. நாம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, வழியில் ஒரு டிபன் கடையில் உட்கார்ந்தோம். நீ பூரி இரண்டு செட் சாப்பிட்டாய். ஒரு செட்டுக்கு அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்து, "அப்பாகிட்ட என்னா சொல்றது?" என்றாய்.

நான் உன்கூட முத்தியால்பேட்டைக்கு வந்தேன். உன் அப்பா கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். நீ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாய், கிடைக்கவிருந்த வேலை போனதையும் சேர்த்து. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உன்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்ட்ரைக்குல நாங்க மில்லு கேட்டாண்டதான் ஒக்காந்தோம். நீ மேலயே ஏறி ஒக்காந்துட்டியா?" என்றார்.

உன் அம்மா அவரை முறைத்தாள். அவர் சிரித்துவிட்டார். சாப்பிட்டு முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு, திரும்பவும் கடைக்கு நடந்து போனார். அந்தத் தெரு முனை வரை அவர் நடந்து போவதை நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த வாரம் அந்தத் தளத்தைப் போட்டார்கள். பள்ளத்து மண்ணை வெட்டியெடுத்து, கான்கிரீட்டால் மூடி, அதன் மேல் முட்டுகளைப் புதிதாக நிறுத்தினார்கள் என்று அந்த இன்ஜினியர் எனக்கு ரகசியமாகச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். மண்டபத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன, லீவு நாளில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். உன் பேச்சைக் கேட்காமல் அன்றே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. விழுந்திருந்தால் நீ சொன்னது சரி என்று ஊரே சொல்லியிருக்கும். விழவிடாமல் செய்ததால், நீ வீண் ரகளை செய்தவள் என்று ஆனாய்.

கட்டடக் கம்பெனி நாம் படித்த துறைக்குப் புகார் அனுப்பியது. பேராசிரியர் நம் இருவரையும் கூப்பிட்டு, "நீ சொன்னது சரி, ஆனா..." என்று தொடங்கி அந்த வாக்கியத்தை முடிக்காமலே விட்டார். யார் யாரிடமோ பேசி நமக்கு வேறு வேலை பிடித்துக்கொடுத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஊரில் சொல்தா என்று சொல்வார்களே, அவருடைய பழைய வீட்டை ரிப்பேர் செய்யும் வேலை. அடுக்குமாடியை ஆராய்ந்துவிட்டு ஓட்டு வீட்டுக்கு வந்தோமே என்று எனக்கு வருத்தம். உனக்குக் கொண்டாட்டம். காலையில் நாம் போனதும், முசியே என்று நாம் கூப்பிட்ட அவர் வெள்ளைச் சட்டையோடு வந்து, "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கை கொடுப்பார். மதியம் அவர் சாப்பிட்டுத் தூங்கும்போது வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது. எவ்வளவு சொல்லியும் அவர் இறங்கி வரவில்லை. கடைசியில் நீ கால அட்டவணையில் தினமும் ஒரு கோடு போட்டு, "முசியே தூக்கம்" என்று எழுதிவிட்டாய். அதற்குப் பிறகு வேலை ஒரு நாளும் பிந்தவில்லை. அந்த அட்டவணையைப் பேராசிரியர் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினாராம்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவருக்குத் தளத்தின் கதை தெரிந்திருந்தது. முசியே வீட்டை விட்டுவிட்டு அதைத்தான் கேட்டார். "அது விழுந்திருக்கும்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"முடியாது சார்."

"அப்புறம் எதுக்கு நிறுத்துனீங்க?"

"விழாதுன்னு அவங்களாலயும் சொல்ல முடியல சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னார். நீ பாஸ் செய்தாய், அவ்வளவுதான். மதிப்பெண்ணில் நான் உன்னைவிட மேலே இருந்தேன்.

ஊர் சின்னது. கட்டடம் கட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். நேர்காணலுக்குப் போன இடத்திலெல்லாம், "ஸ்லாப்புல ஒக்காந்த பொண்ணு நீதானாம்மா?" என்று கேட்டார்கள். சிலர் பாராட்டியும் கேட்டார்கள், ஆனால் பாராட்டியவர்களும் வேலை கொடுக்கவில்லை. உள்ளூரில் கிடைக்காமல், கடைசியில் சென்னையில் பாலம் கட்டும் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தாய். அங்கே உன் கதை யாருக்கும் தெரியாது என்று முதலில் சந்தோஷப்பட்டாய். அப்புறம் நீயே எல்லாரிடமும் சொல்லிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். பஸ்ஸில் வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் கிளம்புவாய். வருஷக்கணக்காக அப்படித்தான். அப்பாவை வேலையிலிருந்து நிறுத்த உனக்கு நினைத்ததைவிட அதிக காலம் ஆனது, ஆனால் நிறுத்திவிட்டாய். அவர் வீட்டோடு இருந்து அலுத்துப்போய், தெருவில் எல்லாருக்கும் டி.வி. ரிமோட் ரிப்பேர் செய்யத் தொடங்கியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

வயிற்று வலி என்று நீ டாக்டரிடம் போனபோது எல்லாமே பிந்திவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் வந்தேன். அழுது பேச நீ இடம் கொடுக்கவில்லை. நர்ஸுகளின் ஷிப்ட் எப்போது மாறுகிறது, எந்த லிப்ட் வேலை செய்யவில்லை, எந்தப் படிக்கட்டில் கைப்பிடி ஆடுகிறது என்பதுதான் பேச்சு. ஒரு மதியம் அம்மா சாப்பிடப் போயிருந்தாள். நான் உன்னிடம் அதுவரை கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு எந்தத் தைரியத்தில் போய் உட்கார்ந்தாய் என்று.

நீ மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "தைரியமா? காலைல ஒண்ணும் சாப்டாம வந்துட்டேன்டி. செம்ம பசி. கால் நடுங்குச்சு, நிக்க முடியல. அதான் ஒக்காந்தேன்."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய், சிரித்தால் வலித்தது, அதனால் நிறுத்திக்கொண்டாய். கொஞ்சம் கழித்து, "ஒக்காந்துட்டா அப்பறம் எழுந்துக்கறதுதான் கஷ்டம்" என்றாய். அது வேடிக்கையா, உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

இனி, அந்தச் செய்தி.

உன்னை எடுத்துப் போவதற்குக் காத்திருந்த காலையில், உங்கள் வீட்டுத் தெருவில் ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வரிசையில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மார்க்கெட்டில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் உன் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நம்மைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிய மேலாளர். நான் போய் அருகில் நின்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"அது விழுந்திருக்காதும்மா. நான் இன்னிக்கும் அததான் சொல்வேன்" என்றார் முதலிலேயே. எனக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்லவா இங்கே வந்தார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, உங்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா போயி நிக்க முடியல. நெழலு வரைக்கும் போனேன். நீ பாத்தியே. உள்ள போயிடணும்னுதான் போனேன். போயி நின்னு, எழுந்திரு இப்பன்னு அவகிட்ட சொல்லணும்னு. கால் வரல."

ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"கேட்டுக்கு வெளிய அனுப்புனதுக்கு அவ என்னைத் திட்டியிருப்பா. திட்டட்டும். ஆனா இத அவகிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சினு இருந்தேன். சென்னைல இருக்கான்னாங்க. சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன்."

"நான் சொல்லிடறேன் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்தது அது. அவரும் அதை விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி என்று தலையை ஆட்டினார். உள்ளே போய் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் யார் என்று அப்பாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ அவரைத் திட்டியதே இல்லை என்று அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். மோர் வாங்கிக்கொடுத்ததைத்தான் நீ எப்போதும் பேசுவாய்.

நான் இப்போது காலாப்பட்டுப் பக்கம் ஒரு பெரிய வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த மேலாளரின் நாற்காலி மாதிரியான நாற்காலிதான். தேதி பிந்தினால் முதலாளி என்னைத்தான் கேட்கிறார். கான்கிரீட் லாரி கிளம்பிய பிறகு அதை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. ஏற்பாடு எல்லாம் செய்து, ஆட்கள் வந்து, பம்ப் நின்று, உருளை சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல உன்னை மாதிரி ஒருத்தி வேண்டும். எனக்கு அது வராது. என்னால் கம்பி மேல் போய் உட்கார முடியாது, அதை நான் எனக்கு ஒளிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அதனால் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன். நம் படிப்பே வரிசைதானே. எந்தத் தளமாக இருந்தாலும், கான்கிரீட்டுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால், முந்தின நாள் மதியமே நான் அடியில் போகிறேன். ஒவ்வொரு முட்டாகத் தள்ளிப் பார்க்கிறேன். ஷூவால் மண்ணை அழுத்திப் பார்க்கிறேன். அப்போது லாரி கிளம்பியிருக்காது. யாரும் காத்திருக்க மாட்டார்கள். சரியில்லை என்றால் சாதாரணக் குரலில் சொல்ல முடிகிறது. முதலாளி முணுமுணுப்பார், ஒரு நாள் போகும், மறுநாள் மறந்துவிடுவார்.

போன மாதம் ஒரு தளம் போட்டோம். முந்தின நாள் உள்ளே போய்ப் பார்த்ததில் ஓரத்து வரிசையில் இரண்டு முட்டுகள் ஆடின. மேஸ்திரியைக் கூப்பிட்டேன், அவர் மண்ணைக் குத்திப் பார்த்து, பெரிய பலகை போட்டு மாற்றி நிறுத்தினார். திரும்பவும் தள்ளிப் பார்த்தேன். வெளியே வந்து, ஆர்டர் போடலாம் என்றேன். காலையில் லாரிகள் வந்தன, வெயில் ஏறுவதற்குள் பாதித் தளம் முடிந்தது, மதியத்துக்குள் மீதியும். பேச்சு இல்லை, சத்தம் இல்லை. அடியில் முட்டு பார்க்க நின்ற இரண்டு பேரும் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கை கால் கழுவி, எல்லாரோடும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.